மேகங்களுக்கு இடையே சூரியப் புள்ளிகள்

சூரியனைக் குறையில்லாத ஒளிப் பிழம்பாகவே நாம் எண்ணுகிறோம். தொலைநோக்கியின் வழியாக அதன் உருவத்தை ஒரு வெள்ளைத் தாளின்மீது விழச் செய்து பார்த்தால், அந்த முகத்தில் கரும்புள்ளிகள் சில தென்படும். இவை உண்மையில் கரியவை அல்ல. சூரியனுடைய மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி சென்டிகிரேடு. பெரும் புள்ளிகளின் நடுப்பகுதியில் அது 4,000 டிகிரிக்கும் குறைவு. சுற்றிலும் உள்ள பேரொளியின் நடுவே அவை கறுத்துத் தோன்றுகின்றன, அவ்வளவே. அவ்விடங்களில் வலிய காந்தப் புலம் உண்டு என்பதை அமெரிக்க விஞ்ஞானியாகிய ஹேல் 1908ஆம் ஆண்டில் கண்டறிந்தார். உள்ளிருந்து மேலெழும் வெப்பத்தை அப்புலம் தடுப்பதால் அவ்விடம் சற்றுக் குளிர்ந்திருக்கிறது.

நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது புள்ளிகளின் இயல்பை அன்று. அவற்றை நாள்தோறும் நோக்கிக் குறித்து வைக்கும் வேலையை. இதற்குத் தீராத பகை ஒன்று உண்டு, அதுதான் மேகம். வானம் மூடிக் கிடக்கும் நாள்கள் பல இருக்க, விட்டு விட்டுப் பார்ப்பதனால் என்ன பயன் என்று இளைஞர் பலர் தொடங்கிய சில வாரங்களிலேயே இவ்வேலையைக் கைவிட்டுவிடுகின்றனர். ஜெர்மனியில் டெஸ்ஸௌ என்னும் ஊரில் வாழ்ந்த ஹைன்ரிக் ஷ்வாபே கைவிடவில்லை.

ஷ்வாபே வானநூற் பேராசிரியர் அல்லர். மருந்துக் கடை நடத்தியவர். புதன் கிரகத்தின் சுற்றுவழிக்கு உள்ளே வேறொரு கிரகம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அப்படி ஒன்று இருந்தால், அது சூரியனுக்குக் குறுக்கே செல்லும்போது சிறு கரும்புள்ளியாகத் தெரிய வேண்டும் அன்றோ? அதை இனம் பிரித்து அறிவதற்காக, சூரியனில் உள்ள புள்ளிகள் அனைத்தையும் வரைந்து வரத் தொடங்கினார். 1829இல் கடையையே விற்றுவிட்டு முழுநேரமும் இதில் ஈடுபட்டார். கிரகம் அகப்படவில்லை, அப்படி ஒரு கிரகமே இல்லை. ஆயின் 1826 முதல் 1843 வரை சேர்ந்த குறிப்புகள் வேறொரு செல்வத்தைத் தந்தன.

அவர் வெளியிட்ட அட்டவணையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று எண்கள் உள்ளன: கண்ட புள்ளிக் கூட்டங்கள் எத்தனை, புள்ளியே இல்லாத நாள்கள் எத்தனை, சூரியனைப் பார்க்க முடிந்த நாள்கள் எத்தனை என்பன. இம்மூன்றாவது எண்ணைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன். நிறுத்து அளந்து கொடுத்துப் பழகிய கை போலும்! 1833இல் அவர் பார்த்த நாள்கள் 267, கூட்டங்கள் 33, புள்ளியற்ற நாள்கள் 139. நான்கு ஆண்டுகள் கழித்து, 1837இல், பார்த்த நாள்கள் 168தான். ஆண்டில் பாதிக்கு மேல் அவருக்குச் சூரியன் அகப்படவே இல்லை. எனினும் அவ்வாண்டின் கூட்டங்கள் 333. புள்ளியற்ற நாள் ஒன்றுகூட இல்லை. 1843இல் 312 நாள்கள் பார்த்தார். கூட்டங்களோ 34ஆகக் குறைந்தன.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். மிகுதியாகப் பார்த்த ஆண்டில் மிகுதியான புள்ளிகள் தோன்றியிருந்தால், அது பார்வையின் பெருக்கமேயன்றிச் சூரியனின் மாற்றம் அன்று என எவரும் தள்ளிவிடலாம். இங்கே நிகழ்ந்ததோ தலைகீழ். மிகக் குறைவாகப் பார்த்த ஆண்டிலேதான் புள்ளிகள் மிகப் பெருகின. ஆகவே ஏற்றமும் இறக்கமும் சூரியனுக்கே உரியவை. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அவை மாறிவருகின்றன என்றார் ஷ்வாபே. பின்னர் ருடால்ப் வுல்ப் பழைய குறிப்புகளையும் திரட்டிச் சராசரி பதினோராண்டு எனத் திருத்தினார். 1857இல் இங்கிலாந்தின் அரச வானநூற் கழகம் ஷ்வாபேக்குப் பொற்பதக்கம் அளித்தது.

'புள்ளி இல்லை' என்பதும் 'பார்க்கவில்லை' என்பதும் வெவ்வேறு. இவற்றைக் குழப்பினால் நேரும் தீங்கு சிறிதன்று. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிக அரியனவாக இருந்தன. அக்காலத்துக் குறிப்புகளை 1998இல் தொகுத்தபோது, 'புள்ளி ஏதும் காணவில்லை' என்று ஒருவர் பொதுவாக எழுதியதைக் கொண்டு, இடைப்பட்ட நாள்கள் தோறும் சுழி இட்டுவிட்டனர். பின்வந்தோர் அந்தச் சுழிகளைக் களைய நேர்ந்தது. நம் குறிப்பேட்டில் மேகம் மூடிய நாளுக்கு நேராக 'மேகம்' என்று எழுதுவதே முறை, சுழி இடலாகாது.

ஓரிடத்து மேகத்தை மற்றோரிடத்து வெயில் ஈடு செய்யும். இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகம் 1874 முதல் நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து வந்தது. லண்டன் வானத்தை நம்பி அது நிறைவேறுமா? விடுபட்ட நாள்களுக்கு நம் டேராடூனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் படங்களைப் பெற்று நிரப்பினர். கொடைக்கானல் மலையிலும் 1904 முதல் இவ்வகைப் படங்கள் எடுக்கப்பட்டு வந்துள்ளன.

மேகத்துக்கு மேலே நின்று படம் எடுக்கும் விண்கலங்கள் இன்று உள்ளன. பிறகு நாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் வுல்ப் தொடங்கிய கணக்கு சிறு தொலைநோக்கியின் வழியே கண்ணால் எண்ணிய கணக்கு. அது தொடர்ந்து ஒரே அளவில் இருக்க வேண்டுமானால், அதே முறையில் எண்ணுவோர் வேண்டும். 1981 முதல் அக்கணக்கைப் பேணிவரும் பிரஸ்ஸெல்ஸ் நிலையத்துக்குத் தங்கள் எண்களை அனுப்புவோரில் பொழுதுபோக்காளர் பலர் உளர்.

இனிச் செய்முறைக்கு வருவோம். சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியின் வழியாகவோ நேரே பார்க்கலாகாது, பார்வை போய்விடும். புகை படிந்த கண்ணாடியும் பழைய எக்ஸ்ரே படமும் காப்பாகா. மெல்லிய மேகம் மறைக்கையில் சூரியன் நிலவுபோல் சாந்தமாகத் தோன்றும். அப்போதுதான் ஆபத்து மிகுதி. மேகம் கணத்தில் விலகிவிடும்.

சிறு தொலைநோக்கியிலிருந்து வரும் உருவத்தைத் தாளின்மேல் விழச் செய்து, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் பொருத்திப் புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள். அந்த அளவில் நம் பூமி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சிறியது! தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் உருவம் தாளில் நகரும். அது நகரும் திசையே சூரியனின் மேற்கு.

படம் எடுப்போர், சூரியனுக்கென்றே செய்த வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்முனையில் பொருத்த வேண்டும். கண் வைக்கும் முனையில் வைத்தால் வெப்பத்தில் வெடித்துவிடும். மேகம் உள்ள நாளில் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, முதல் இடைவெளியிலேயே சூரியனின் விளிம்பைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த இடைவெளியில் வரிசையாகப் பல படங்கள் எடுத்து, ஒளி சீராக உள்ள ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அரை நிமிட வெயில் போதும்; பாரிசில் பீசோவும் பூக்கோவும் 1845இல் புள்ளிகளுடன் எடுத்த படத்துக்கு வேண்டியிருந்தது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான்.

இரண்டு மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டாலும் கவலை வேண்டா. பூமியிலிருந்து காணும்போது சூரியன் ஏறத்தாழ 27 நாளில் ஒருமுறை சுழல்கிறது. ஆகவே புள்ளி நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை நகரும். நம் வட்டத்தின் நடுவில் அது ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். திங்களன்று கிழக்கு விளிம்பருகே குறித்த புள்ளி, வியாழனன்று மேகம் விலகும்போது எங்கே இருக்கும் என்று முன்னரே கணித்துத் தாளில் ஒரு குறி இட்டு வையுங்கள். மேற்கு விளிம்பில் மறைந்த பெரிய கூட்டம் நெடுநாள் வாழ்வதாயின், இரண்டு வாரம் கழித்துக் கிழக்கே மறுபடியும் எட்டிப் பார்க்கும்.