குன்றின் மேல் ஒரு வெண்குடை



கல்லால் எழுப்பிய நினைவுச் சின்னம் என்றும் நிலைத்து நிற்கும் என்று நாம் எண்ணுகிறோம். கல்லும் சிதையும், சிதைந்ததைச் செப்பனிடவும் கூடும். ஆனால், எவருக்காக அச்சின்னம் எழுந்ததோ அவர்களுடைய பெயரே அதில் இல்லையென்றால், அக்குறையைச் சிற்பியின் உளி மட்டும் தீர்த்துவிடுமா? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பிய ஒரு சின்னத்தின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்னும் நகரம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 12,000 பேர் அந்நகர மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர். முன்னாள் அரச மாளிகையான ராயல் பெவிலியனும் அப்போது மருத்துவமனையாயிற்று. அந்நகரில் உயிர் நீத்த இந்துக்களும் சீக்கியருமான 53 வீரர்களின் உடல்கள், 1914 டிசம்பர் முதல், ஊர்ப்புறத்துப் புல்வெளிக் குன்றொன்றில் தகனம் செய்யப்பட்டன. சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது.

தகனம் நடந்த அவ்விடத்தில், எட்டுத் தூண்கள் கவிகை தாங்கும் வெண்சலவைக்கல் மண்டபம் ஒன்று எழுந்தது. அதன் அமைப்பை வரைந்தவர் பம்பாய்க் கட்டடக் கலைஞர் இ. சி. ஹென்ரிக்ஸ். 1921 பிப்ரவரி 1-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். 'சத்ரி' என்பது அதன் பெயர். குடை என்பது பொருள். மன்னர்க்கு நிழல் செய்யும் குடை அங்கே எளிய சிப்பாய்களுக்கு நிழல் செய்தது. ஆயினும், கல்வெட்டில் பேரரசரைப் பற்றிய சொல் இருந்தது. மாண்டவருள் ஒருவர் பெயரேனும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அக்குன்று படைப் பயிற்சிக் களமாயிற்று. வீரர்களின் நினைவாக நின்ற மண்டபத்தின் மேலேயே துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன! போர் முடிந்தபின் அது செப்பனிடப்பட்டது. 1951 முதல் முன்னாள் படைவீரர் சங்கம் ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி செலுத்தி வந்தது. அச்சங்கம் 1999-இல் அதை நிறுத்திக்கொண்டபோது, அப்பகுதி இந்தியர்கள் முன்வந்து அம்மரபு அறாமல் காத்தனர்.

மண்டபத்தின் காயம் ஆறியது. பெயரில்லாக் குறை மட்டும் நீடித்தது. 2010 செப்டம்பரில், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அம்மண்டபத்தின் அருகே 53 பெயர்களையும் பொறித்த கல் ஒன்றை நாட்டியது. இதற்கு 89 ஆண்டுகள் ஆயின.

அந்நாள்தான் அச்சின்னம் முழுமை பெற்றது என்பேன். நீங்களும் ஒரு நினைவுச் சின்னத்தின் முன் நிற்க நேரும்போது, அதில் எழுதப்பட்ட பெயர்களைப் படியுங்கள். எழுதப்படாத பெயர்கள் எவருடையவை என்றும் கேளுங்கள். வரலாற்றைக் கற்பது அங்கேதான் தொடங்குகிறது.