கேட்காமல் விட்ட கேள்வி
(மருத்துவக் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாதனையைப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது சனிக்கிழமை ராத்திரி என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மதுக்கடைகள் மூடும் நேரத்தில் கூட்டம் வந்துவிடும். ஒருநாள் உடைந்த பீர் கிளாஸால் கன்னம் கிழிந்து ஒரு பையன் வந்தான். இருபது வயசுகூட இருக்காது. நன்றாகத் தைத்து அனுப்பினேன். எங்கே நடந்தது என்று கேட்கவில்லை. அது போலீஸ் வேலை என்று நினைப்பு.

அதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரின் முகத்தாடை அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட். அடிபட்டு வருகிறவர்களில் பலருடைய விஷயம் போலீஸுக்கே தெரிவதில்லை என்று அவர் கண்டார். எந்த இடம், எத்தனை மணி, எதனால் அடி என்று மருத்துவமனையில் குறித்து, பெயரை நீக்கிவிட்டு, போலீஸுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். 1997-ல் எல்லோரும் ஒரே குழுவாக உட்கார்ந்தார்கள். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் காவலர் நிற்க வேண்டும் என்பது தெரிந்தது. அடிதடி அதிகம் நடக்கும் கடையும் தெரிந்தது. 2011-ல் வந்த ஆய்வின்படி, ஒத்த நகரங்களோடு ஒப்பிட, தாக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்வது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

சரி, காவலுக்குப் பணம்? நள்ளிரவுக்குப் பிறகும் மது விற்கிற கடைகளிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கலாம் என்று 2011-ல் சட்டம் வந்தது. கடையின் மதிப்பைப் பொறுத்து 299 பவுண்டு முதல் 4,440 வரை. செலவு போக, குறைந்தது 70 சதவீதம் போலீஸுக்கு. முதலில் கொண்டுவந்தது நியூகாஸில், 2013-ல். செல்ட்டன்ஹாம் 2014-ல் கொண்டுவந்து, 2017-ல் கைவிட்டது. வியாபாரிகளே ஓட்டுப் போட்டு, பணம் போட்டு, செலவையும் தீர்மானிக்கிற அமைப்புக்கு மாறியது.

எனக்குப் பட்டது இதுதான். லாபம் பார்க்கிறவர் செலவில் பங்கு தருவது நியாயம். ஆனால் வாங்கினால் மட்டும் போதாது, கூப்பிட்டு உட்கார வைக்கவும் வேண்டும். மருத்துவரும் அந்த மேஜைக்குப் போக வேண்டும்.

கேஷுவாலிட்டியில் இருக்கிற தம்பி தங்கைகளே, தையல் போடுங்கள்; கூடவே எங்கே நடந்தது என்றும் கேளுங்கள். அந்தப் பையனின் தழும்பு என் நினைவில் இன்னும் ஆறவில்லை.