குவாங்ஜூவின் சோறும் ரத்தமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களின் பெயர்களை அடுக்குவது நமக்குப் பழகிவிட்டது. இன்று பெயர் தெரியாதவர்களைப் பற்றிப் பேசுவோம்.

தென்கொரியா. 1979 டிசம்பரில் ராணுவத்தைக் கைப்பற்றிய சுன் டூ-ஹ்வான், 1980 மே 17இல் ராணுவச் சட்டத்தை நாடு முழுக்க விரித்தார். மறுநாளே குவாங்ஜூ மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். பாராசூட் படை தடியோடும் துப்பாக்கிக் கத்தியோடும் பாய்ந்தது. முதலில் இறந்தவர் காது கேளாத, வாய் பேச முடியாத இளைஞர். சிப்பாய்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை, அடித்தே கொன்றார்கள்.

20ஆம் தேதி மாலை டாக்சி, பஸ் ஓட்டுநர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிகளை வரிசையாக ஓட்டி வந்தார்கள். அடுத்த நாள் ராணுவம் கூட்டத்தைச் சுட்டது. மக்கள் ஆயுதக் கிடங்குகளைத் திறந்தார்கள். படை நகரைவிட்டு விலகியது.

அதன்பின் வந்த சில நாட்களைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். சந்தைப் பெண்கள் சோற்றை உருட்டிப் போராளிகளின் கையில் கொடுத்தார்கள். உருட்டிய கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. சாதி இல்லாத நாட்டில் இதென்ன அதிசயம் என்பீர்கள். ஆனால் ரத்தம் கொடுக்க நின்ற வரிசையில் மதுக்கடைகளில் வேலை செய்த பெண்களும் இருந்தார்கள். எங்கள் ரத்தமும் சுத்தமானதுதான் என்று அவர்கள் வாதாட வேண்டியிருந்தது என்கின்றன சாட்சியங்கள். தீட்டு என்ற சொல் அங்கே இல்லாமல் இருக்கலாம், விஷயம் இருந்தது.

ஒற்றுமையும் முழுசாக இல்லை. ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சமரசக் குழுவிலிருந்த ஊர்ப் பெரியவர்கள். 26ஆம் தேதி இரவு மாகாண அலுவலகத்தில் தங்கியவர்களில் தொழிலாளிகளும் மாணவர்களும்தான் அதிகம். விடிவதற்குள் ராணுவம் உள்ளே வந்துவிட்டது.

அரசியல் சட்ட வழி இருக்கும்போது சட்டமறுப்பைக் கைவிட வேண்டும் என்று 1949 நவம்பரில் அம்பேத்கர் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்லி வாயடைப்பவர்கள் உண்டு. வழி அடைபட்ட காலத்தில் மற்ற முறைகளுக்கு நியாயம் இருந்தது என்று அதே உரையில் அவர் சொன்னதை மட்டும் விட்டுவிடுவார்கள். குவாங்ஜூவில் எந்த வழி திறந்திருந்தது?

1987 ஜூனில் நாடே தெருவுக்கு வந்த பிறகுதான் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. 1996இல் சுன்னுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1997இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். 2021இல் சாகும்வரை அவர் குவாங்ஜூ மக்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.