படகு கிளப்பும் அலை

கோலா குபு பாருவைத் தாண்டி வரும் சிலாங்கூர் ஆறு, கோலா சிலாங்கூரை நெருங்கும்போது கலங்கி, நிதானமாகிவிடுகிறது. அங்கே கம்போங் குவாந்தானில், கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னும். அவற்றைக் காட்ட இயந்திரம் இல்லாத, துடுப்புப் போடும் சம்பானில்தான் அழைத்துப் போகிறார்கள். மிகச் சரியான ஏற்பாடு.

வேகப் படகு கிளப்பும் அலை, குறுகிய ஆற்றில் நேரே கரையில் போய் மோதும். மண் சரியும், வேர் வெளியே தெரியும், மரம் சாயும். மின்மினியின் புழுக்கள் நத்தை தின்று வளர்வதும் அந்த ஈரக்கரையில்தான்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து ஓடும் அந்த நடுவேகத்தில்தான் பெரும்பாலும் அலை மிகப் பெரிதாக எழும். படகு தண்ணீரில் சமமாக அமர்ந்து, மனிதர் நடக்கும் வேகத்துக்கு வர வேண்டும்.

படகு ஓட்டும் அண்ணன்மாரே, சம்பானையோ தூண்டில் போடுபவரையோ கண்டால் தூரத்திலேயே விசையைக் குறையுங்கள். கடந்தபின் உடனே முடுக்காதீர்கள். உங்கள் அலை பின்னால்தான் வருகிறது. பயணிகளே, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.