பாவு காணாத தெரு
(பிள்ளையார்பாளையம் நெசவாளர் கூட்டத்தில் பேசியது)



ஏழு ஆண்டுகளுக்குப் பின் நேற்று விடியற்காலையில் நாங்கள் இந்தத் தெருவில் கால் வைத்தோம். கண் முதலில் தேடியது பாவை. தெரு நெடுக நீட்டிக் கஞ்சி போட்டு, இருபுறமும் நின்று இழை பிரிப்பீர்களே, அந்தக் காட்சி இல்லை. கார்த்திகை மழை! ஈரத் தெருவில் பாவு நீட்ட முடியுமா?

ஒரு வீட்டுக்குள் போனோம். தறிக்குழியில் ஊற்று நீர். அந்த வீட்டம்மாள் சொம்பால் இறைத்துக் கொண்டிருந்தார். "தறியில் உட்கார்ந்து ஒன்பது நாளாச்சு அண்ணே" என்றார். அப்படியும் எங்களுக்குக் காப்பி தர மறக்கவில்லை.

பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. மழையால் அந்த வியாபாரம் நிற்கவில்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் அடுப்புத்தான் அணைகிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பெயருக்குக் காவல் வந்தது. குழியில் கால் வைத்து நெய்கிறவனுக்கு என்ன வந்தது?

பாலஸ்தீனத்தில் மஜ்தல் என்றொரு நெசவாளர் ஊர் இருந்தது. 1948 போரில் பலரும், மிஞ்சியவர்கள் 1950இலும் காஸாவுக்கு விரட்டப்பட்டார்கள். அங்கேயும் தறி போட்டார்கள். 2023 போருக்குப் பின் வந்த குளிர்காலங்களில் காஸா மக்கள் கூடாரங்களில் மழையில் நனைந்தார்கள். அவர்களும் நம் இனம்தான், தோழர்களே, உழைக்கும் இனம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவருக்கு அரசு நிவாரணம் தருகிறது. போராடிப் பெற்ற உரிமை அது. மழைக்காலத்தில் நெசவாளிக்கும், வேலையில்லாத விவசாயத் தொழிலாளிக்கும் ஏன் கூடாது? மனு எழுதி வைத்திருக்கிறோம். இன்றிரவே வீடுவீடாக வருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்.