தறிக் குழியும் டெலிபோன் வைத்தியமும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் ஜரிகை விலையைப் பற்றியும் இந்தத் தெருவில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று கண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாதவனுக்குக் கூலி உயர்ந்தால் என்ன, உயராவிட்டால் என்ன?

சென்ற ஆண்டு நம் சங்கத்துத் தோழர் ஒருவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனோம். ஐம்பது வயதைத் தாண்டியவர். கோர்வைச் சேலை நெய்கிறவர். கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கரைக்கு நாடா வீச அவர் மனைவி பக்கத்தில் உட்காருவார். விடியற்காலை பஸ் ஏறினோம். டாக்டர் அவரைப் பார்த்தபோது பிற்பகல் மூன்று மணி. ஐந்தே நிமிஷம். "வெள்ளெழுத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான். டாக்டர் தவறு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இரவு வீடு திரும்பியபோது தறி ஒரு நாள் முழுக்க நின்றிருந்தது. புருஷன் கூலியும் போயிற்று, மனைவி கூலியும் போயிற்று. (முழுநேர ஊழியரான எமக்குப் போவதற்குக் கூலி இல்லை, அது வேறு சங்கதி.) பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. கண்ணாடியின் விலையைவிட அந்தக் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆன செலவு அதிகம். நடவு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகிற விவசாயத் தொழிலாளிக்கும் இதே கணக்குத்தான்.

டாக்டர் தூரத்தில், நோயாளி இங்கே என்பது புதிய பிரச்னை அல்ல. ஆஸ்திரேலியாவில் ஆளரவமற்ற உள்நாட்டுப் பிரதேசத்துக்கு 1928-ல் ஆகாய விமானத்தில் டாக்டரை அனுப்பத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ வந்தது. நம் தறி மிதியைப் போல மிதித்துக்கொண்டே டாக்டரோடு பேசலாம். பிற்பாடு வீட்டுக்கு வீடு நம்பர் போட்ட மருந்துப் பெட்டியும் வைத்தார்கள். டாக்டர் ரேடியோவில் நம்பரைச் சொல்வார். இங்கே எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருவோம்.

நம் பக்கத்திலேயே, சித்தூர் ஜில்லா அரகொண்டா கிராமத்தில், 2000 மார்ச்சில் அப்போலோ ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அன்றைய அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் தொடங்கிவைத்தார். அதற்காக அதைக் கும்பிடவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். அடுத்த ஆண்டு இஸ்ரோ தன் செயற்கைக்கோள் வழியாக ஊர் ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் செயற்கைக்கோள் கருவி என்பது சின்ன ஊர் தாங்கக்கூடிய செலவல்ல.

தேனியில் நடந்ததுதான் நமக்குப் பாடம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும், அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அங்கே ஒரு வேலை செய்தார்கள். வீட்டில் இன்டர்நெட்டுக்கு வைக்கிறார்களே வைஃபை பெட்டி, அது அடுத்த வீட்டுக்கே சரியாக எட்டாது. அதன் உள்ளே இருக்கும் புரோகிராமை மாற்றி, உயரமான கம்பத்தில் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி ஆன்டெனா கட்டினார்கள். பல மைல் தூரம் எட்டியது. விலை மலிவு, செயற்கைக்கோளுக்குத் தரும் வாடகையும் இல்லை. கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசுகிறார். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கண்ணின் பின்புறத்தைப் படம் பிடித்து அனுப்பலாம். அங்கே ரத்தக்குழாய் கசிந்தால் ஆரம்பத்தில் வலியும் தெரியாது, பார்வையும் குறையாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். கண்ணாடி மட்டும் போதுமானவர் உள்ளூரிலேயே கண்ணாடி வாங்கிக்கொள்கிறார். ஆபரேஷன் வேண்டியவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

கண்ணாடி அற்பமான பொருள் என்று நினைக்க வேண்டாம். அஸ்ஸாமில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதல் முன்னேற்றம் காட்டினார்கள். தேயிலைக் கொழுந்தைவிட மெல்லியது பட்டு இழை. நமக்கு எவ்வளவு பலன் என்று நீங்களே யோசியுங்கள். அந்தக் கூடுதல் உழைப்பின் பலன் யார் கைக்குப் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சர்க்கார் தரப்பில் இ-சஞ்சீவனி என்ற ஏற்பாடு 2019 நவம்பரில் வந்தது. கொரோனா அடைப்பில், 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க வழி செய்தார்கள். கட்டணம் கிடையாது. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுதும் 10 கோடி ஆலோசனைகள் நடந்ததாக சர்க்கார் அறிவித்தது. தொகை பெரிதுதான். ஆனால் எம் கேள்வி வேறு. பட்டன் மட்டும் உள்ள போன் வைத்திருக்கும் தாயாருக்கு இது எப்படிக் கிடைக்கும்? டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை எங்கே வாங்குவது? ஆஸ்திரேலியாவின் மருந்துப் பெட்டி இதற்காகத்தான் சொன்னோம். துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ், ஒரு திரை, அலமாரியில் மருந்து, மூன்றும் இருந்தால்தான் இது வைத்தியம். மருந்து இல்லாவிட்டால் டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தனியார் கம்பெனிகளும் போனில் வைத்தியம் செய்ய வந்திருக்கின்றன. 2020 மார்ச் 25 விதிமுறைப்படி டாக்டர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் தெரிவிக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். பீஸ் வாங்கினால் ரசீது கேளுங்கள். போதை தரும் மருந்துகளைப் போனில் எழுதித் தரக்கூடாது. நெஞ்சு வலி, கை கால் இழுப்பு, பிரசவ வலி என்றால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மில் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதிலும் குறைகள் உண்டு. வீட்டில் தறி வைத்து முதலாளிக்கு நெய்கிறவருக்கு அதுவும் இல்லை. காப்பீட்டு அட்டை படுக்கையில் படுத்தவருக்கு உதவும். மூக்குக் கண்ணாடிக்கு உதவாது. ஆகவே நம் கோரிக்கை இது: நெசவாளர் தெருக்களுக்கு ஒரு கண் சோதனை மையம், மாலை ஏழு மணிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். பகலில் திறந்தால் தறி நிற்கும். மைய ஊழியருக்கு மாதச் சம்பளம் வேண்டும், ஊக்கத்தொகை என்று சொல்லி ஏய்க்கக்கூடாது.

வெறுங்கையோடு போய்க் கேட்டால் மனுவை வாங்கி மேஜையில் போட்டுவிடுவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, 40 வயதைத் தாண்டிய ஆணும் பெண்ணும் சங்கக் கட்டிடத்துக்கு வாருங்கள். ஊசியும் பட்டு இழையும் நாங்கள் வைத்திருப்போம். கோக்க முடியாதவர்கள் பெயரை எழுதிக்கொண்டு, அந்தப் பட்டியலோடு சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போகிறோம். திருவிழாக் கடையில் வாங்கிய கண்ணாடி போட்டிருப்பவர்களும் வரலாம்; கழற்றிவிட்டுத்தான் கோக்க வேண்டும்.