சங்கிலிப் பட்டைக்கு எந்தப் பசை?



பிளாஸ்டிக்கில் பீரங்கி வண்டி மாதிரி செய்கிறவர்கள் வண்டியின் உடலையும் சுழல் கோபுரத்தையும் ஆர்வமாக ஒட்டி முடித்துவிடுவார்கள். சக்கரங்களைச் சுற்றி வரும் சங்கிலிப் பட்டைக்கு வரும்போதுதான் கை தயங்கும். கண்ணிகள் ஒன்றோடொன்று சேராது. சேர்ந்தாலும் வளைக்கும்போது பிரிந்துவிடும். இதற்குக் கைத்திறனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பசையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

1942-இல் ஜெர்மனி களமிறக்கிய டைகர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் போர்ப் பட்டை 725 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள். பீரங்கி வண்டி மாதிரிகளில் அதிகம் புழங்குவது 35-இல் ஒரு பங்கு என்ற அளவு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் பரவலாக்கிய அளவு அது. அந்தக் கணக்கில் பட்டையின் அகலம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். நிஜப் பட்டையோ டன் கணக்கில் எடையுள்ள எஃகு. டைகரில் பட்டையின் மேற்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. அதனால் அது தன் எடையிலேயே தொய்ந்து, சக்கரங்களின் தலைமேல் படிந்து கிடக்கும். அமெரிக்காவின் ஷெர்மன் வண்டியில் அந்த உருளைகள் உண்டு. அதன் பட்டை விறைப்பாக நிற்கும். ஆகவே மாதிரியில் பசைக்கு இரண்டு வேலை. கண்ணிகளை இணைக்க வேண்டும். அந்த வண்டிக்குரிய வளைவையும் தொய்வையும் நாம் கொடுத்து முடிக்கும்வரை இளக்கமாகவும் இருக்க வேண்டும்.

பசையை வாங்குமுன் பட்டை எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள். தனித்தனிக் கண்ணிகளாகவோ துண்டு துண்டாகவோ வரும் கெட்டிப் பட்டைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ரப்பர் போல வளையும் ஒரே நீளப் பட்டை பழைய பெட்டிகளில் வினைல் வகையாக இருக்கும். புதிய பெட்டிகள் சிலவற்றில், வளைந்தாலும் சாதாரணப் பிளாஸ்டிக் பசைக்கு ஒட்டும் பட்டைகளும் வருகின்றன. சந்தேகம் இருந்தால், பட்டையோடு வரும் சட்டத்தின் ஒரு துண்டில் பசையைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் அந்தப் பசை அதற்கு ஒத்துவரும். பளபளப்பு மாறாமல், துடைத்தால் அப்படியே வந்துவிட்டால் ஒத்துவராது.

பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு துண்டுகளின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்து, தான் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் இணைந்த உறுதியான மூட்டு. இதில் தண்ணீர் போன்ற மெல்லிய பசை உண்டு. தூரிகை நுனியால் தொட்டதும் இடுக்குக்குள் தானே ஓடிவிடும். உடற்பகுதியின் நீண்ட மூட்டுகளுக்கு அது அருமையானது. ஆனால் விரைவில் காய்வதால், கண்ணி வரிசையை வளைப்பதற்குள் மூட்டு இறுகிப் பட்டென்று விட்டுவிடும். கண்ணிகளுக்கு என் பரிந்துரை, சற்றுக் கெட்டியாக, மெதுவாகக் காயும் பசைதான். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் கலந்த பசைகளும் மெதுவாகக் காய்பவைதான்; வாடையும் கடுமையாக இருக்காது.

செய்முறையைச் சொல்கிறேன். ஒட்டு நாடா ஒன்றைப் பசைப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் விரித்து, கண்ணிகளை அதன்மேல் நேர்வரிசையாக அடுக்குங்கள். மூட்டுகளில் மட்டும் கொஞ்சமாகப் பசை வையுங்கள். அரைமணி நேரம் போல விடுங்கள். வரிசை பிரியாமல், ஆனால் வளையும் பதத்தில் இருக்கும்போது எடுத்து, முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களைச் சுற்றிப் பொருத்துங்கள். தொய்வு வேண்டிய இடத்தில் பஞ்சையோ ஸ்பாஞ்சுத் துண்டையோ செருகி அழுத்தி, ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள். சக்கரங்களை வண்டியோடு நிரந்தரமாக ஒட்டிவிடாமல் வைத்திருந்தால், பட்டையை அப்படியே கழற்றி வண்ணம் பூசலாம்.

வினைல் பட்டைக்கு இந்தக் கரைப்பான் பசை பயன்படாது. அதன் முனைகளில் இருக்கும் சிறு முளைகளைத் துளைகளில் செருகி, சூடாக்கிய திருப்புளியின் நுனியால் அழுத்திப் பரத்திவிடுவது பழைய வழி. மேற்பகுதியைச் சக்கரங்களோடு படியவைக்கச் சூப்பர் க்ளூவில் ஒரு சொட்டுப் போதும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில வினைல் பட்டைகளில் நெகிழ்வுக்காகச் சேர்த்த பொருள் நாளடைவில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை அரித்துவிடும். வண்ணம் பூசாத சக்கரத்தின்மேல் அவற்றை விட்டுவைக்காதீர்கள்.

சூப்பர் க்ளூவின் மூலப்பொருளான சயனோஅக்ரிலேட்டை அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர் 1942-இல் கண்டார். 1958-இல்தான் அது கடைக்கு வந்தது. ஈரத்தைத் தொட்டால் இறுகும் இயல்புடையது. ஆகவே கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் வேகமாக இறுகும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் போகலாம். திருத்த நேரமே தராது. பக்கவாட்டு அடிக்கு எளிதில் உடையும். அதனால் பிளாஸ்டிக் கண்ணிகளை வரிசையாகச் சேர்க்க இதை எடுக்க வேண்டாம். உலோகத்துக்கும் ரெசினுக்கும் இதுதான் கை கொடுக்கும். ஹங்கேரியின் ஃப்ரியுல் நிறுவனத்து வெள்ளை உலோகக் கண்ணிகளைக் கம்பித் துண்டுகளால் கோத்த பின், கம்பியின் வெளிமுனையில் ஊசி நுனியளவு வைத்தால் போதும். பட்டையும் அசையும், கம்பியும் விழாது.

கடைசியாகப் பாதுகாப்பு. கரைப்பான் பசை எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியும் உடலுக்கு நல்லதல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள், விளக்கையும் அடுப்பையும் தள்ளி வையுங்கள், வேலை முடிந்ததும் மூடியை இறுக்குங்கள். சிந்திய சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். துணி கையைச் சுடும் அளவுக்குச் சூடாகலாம். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

பாலிஸ்டைரீன் கண்ணிகளுக்கு மெதுவாகக் காயும் பிளாஸ்டிக் பசை. வினைலுக்குச் சூடும் ஒரு சொட்டுச் சூப்பர் க்ளூவும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ. இந்த மூன்றையும் நினைவில் வைத்து, பெட்டியில் பாதியோடு நிறுத்திய மாதிரியை இந்த வாரமே எடுத்து முடியுங்கள்.